உடைந்த ஊசியின் முனை

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. பிடுங்கவில்லை, பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். அழாதேடா கண்ணா, உன் கரடி எனக்கு எதற்கு? இந்தா, இதோ, வாங்கிக்கொள்.

கண்ணைத்தான் இழுத்துப் பார்த்தேன். வலது கண் ஆடுகிறது, கவனித்தீர்களா? வெறும் நூல் போட்டுத் தைத்த கண். ஒரு நாள் கையோடு வந்துவிடும், பிள்ளை வாயில் போட்டுக்கொள்வான். எங்கே வாங்கினீர்கள்? கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலா? அதுதானே பார்த்தேன். எங்கள் கம்பெனியில் கண்ணுக்குப் பின்னால் வாஷர் வைத்து அழுத்துவோம். அதைச் சோதிக்கவே ஒரு மெஷின் இருக்கிறது. கரடியின் கண்ணைக் கவ்வி இழுக்கும். கண் வராது. முகம் வேண்டுமானால் கிழியும்.

பொம்மையைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. கல்யாண வீட்டில் ஒருமுறை இப்படித்தான், சீர்வரிசைத் தட்டில் இருந்த நாய்ப் பொம்மையின் தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். என் மகன் அன்றிலிருந்து என்னை விசேஷங்களுக்குக் கூட்டிப்போவதில்லை.

என் பெயர் வத்சலா. ஓசூருக்கு வெளியே ஒரு துணி பொம்மைக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரு லைன் என்றால் ஒரு வரிசைத் தையல் மெஷின்கள், அவற்றில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். ஒருத்தி காது தைப்பாள், அடுத்தவள் மூக்கு, அடுத்தவள் கை. வரிசையின் தலைமாட்டில் துணி போனால் கால்மாட்டில் கரடி வரும். முழுக்கரடியை ஒருத்தியும் தைத்ததில்லை. காது தைக்கிறவள் காதுதான் தைப்பாள், கல்யாணமாகிப் போகும்வரை.

எங்கள் கரடிகளுக்கு இந்த ஊரில் வேலை கிடையாது. கப்பல் ஏறிவிடும். அங்கே டிசம்பரில் பண்டிகை. அங்கே டிசம்பர் என்றால் எங்களுக்கு ஆடியும் ஆவணியும் புரட்டாசியும். கம்பளித் தொப்பி போட்ட கரடியை நாங்கள் வேர்த்து வழிந்துகொண்டு தைப்போம். பஞ்சு பறக்கும் என்பதால் மின்விசிறி கூடாது. அந்த மாதங்களில் லீவும் கூடாது. ஆடிப்பெருக்கோ, தங்கைக்குச் சடங்கோ, தாத்தா சாவோ, எதுவானாலும் கப்பல் போன பிறகுதான். அதற்கு ஒரு பெண் கேட்டாள், "அக்கா, கப்பல் போற வரைக்கும் எங்க தாத்தா கெடப்பாரா?" என்று. லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல வாய் அவளுக்கு.

அவள்தான் பூவரசி. அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். காரிமங்கலத்தில் இந்தப் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகவேண்டும். நாளைக் காலைக்குள் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். "பூவரசியோட வாங்க. இல்லேன்னா நீங்களும் வர வேணாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. சபாபதி சார் கோபப்படவே மாட்டார். டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

என்ன விஷயம் என்று கேட்கமாட்டீர்களா? நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். காலையிலிருந்து வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் கை தூக்கவேண்டும். மெஷினை நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, ஓர் அட்டையில் சேர்த்துவைத்து, மேலே டேப் ஒட்டி, முழு ஊசி என்று எனக்குக் காட்டினால்தான் புது ஊசி தருவேன். ஒரு பொடி குறைந்தாலும் லைன் ஓடாது. ஏனென்றால் அந்தப் பொடி கரடிக்குள் இருக்கலாம். கரடியை ஒரு குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும். எங்கள் ஹால் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. பொன்நிற முடியோடு ஒரு குழந்தை, கரடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. கீழே எழுதியிருக்கும்: 'எங்கோ ஒரு குழந்தை உங்களை நம்பித் தூங்குகிறது.' நான் கல்லூரியில் தமிழ் படித்தவள் அம்மா. எனக்கு அந்த வரி பிடிக்கும். புதிதாக வரும் பெண்களை அந்தப் படத்தின் முன் நிறுத்தி வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். பூவரசி மட்டும் கடகடவென்று படித்துவிட்டு, "இந்தப் பாப்பா எந்நேரமும் தூங்குதே, அதுக்கு ஸ்கூல் இல்லையாக்கா?" என்றாள்.

அவள் மூக்கு தைப்பவள். மூக்கு கஷ்டம். துணி மடிப்பு மடிப்பாக வரும், ஊசி தடுக்கும். கப்பலுக்குச் சாமான் ஏற்றும் வாரத்தில் ஒரு பகலில் அவள் கை தூக்கினாள். ஊசி உடைந்திருந்தது. தடித்த பாகம் மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு மேஜையில் கிடந்தது. முனையைக் காணோம்.

தேடினோம். காந்தம் கட்டிய கோலைத் தரையெல்லாம் இழுத்தோம். கூடையில் இருந்த கரடிகளை மெஷினுக்குள் விட்டோம். அது இன்னொரு மெஷின். ஊசி மெஷின் என்போம். நீளமான பெல்ட், நடுவில் ஒரு குகை மாதிரி. கரடி குகைக்குள் நுழைந்து வெளியே வரும். உள்ளே எள்ளளவு இரும்பு இருந்தாலும் கத்தும். அதனால்தான் எங்கள் பெண்கள் வளையல் போடக்கூடாது, மெட்டி கூடாது, ஊக்குகூடக் குத்திக்கொள்ளக் கூடாது. தாலியும் வெறும் மஞ்சள் கயிறுதான். கரடிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின. மெஷின் கத்தவில்லை. இருந்தாலும் சபாபதி சார் நம்பவில்லை. கரடிகளைப் பிரிக்கச் சொன்னார். வயிற்றைப் பிரித்துப் பஞ்சை உதறி உதறிப் பார்த்தோம். ஹாலே பனி பெய்தது மாதிரி ஆகிவிட்டது. முனை இல்லை.

அப்போது அவள் ஓரமாக நின்றுகொண்டு, "அக்கா, விரல்ல குத்திக்கிச்சுக்கா" என்றாள். ஒரு துண்டுத் துணியைச் சுற்றியிருந்தாள். நான், "குத்தாத விரல் இந்த ஹால்ல யாருக்கு இருக்கு? முதல்ல தேடு" என்றேன். தப்பா? இதோ பாருங்கள் என் ஆள்காட்டி விரலை. நுனியில் உணர்ச்சி கிடையாது. கொதிக்கும் பாலில் விட்டாலும் தெரியாது. நான் யாரிடமாவது சொன்னேனா?

லைன் நின்றுபோய்விட்டது. மற்ற லைன்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வாசலில் லாரி நிற்கிறது. பெண்கள் முகமெல்லாம் வெளிறிப்போயிற்று, ஏனென்றால் நின்ற நேரத்தை ராத்திரியில்தான் ஈடுகட்ட வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வேறு ஒரு பழைய ஊசியை எடுத்தேன். முனையை ஒடித்தேன். அட்டையில் மற்ற துண்டுகளோடு ஒட்டி, "கிடைச்சிருச்சு சார்" என்றேன். லைன் ஓடியது. அன்றைக்கு எல்லாரும் நேரத்தோடு ஹாஸ்டலுக்குப் போனார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? முனை கரடிக்குள் இல்லை. மெஷினே சொல்லிவிட்டது. கரடிக்குள் இல்லையென்றால் அது எங்கே இருந்தால் எங்களுக்கு என்ன? பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், பிள்ளைக்குக் காற்று அடிக்கிறது. இறுகிப்போயிருக்கிறதா? விடுங்கள்.

விரல் வீங்கியது. ஹாஸ்டலில் போய்ப் பார்த்தேன். எங்கள் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டித்தான் வைப்பார்கள், பெண் பிள்ளைகள் இல்லையா, பாதுகாப்புக்கு. சாவி வார்டனிடம். என் குவார்ட்டர்ஸும் அதே மதிலுக்குள்தான். வெளியே போகவேண்டுமென்றால் நானும் அவளிடம்தான் சாவி கேட்கவேண்டும். நான் கேட்பதில்லை. எங்கே போகப்போகிறேன்?

விரலைப் பார்த்தால் நகத்தைச் சுற்றிச் சிவந்து, உருண்டு, தொட்டால் துள்ளுகிறாள். "இது நகச்சுத்துடி" என்றேன். யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள். என் கையாலேயே ஓர் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து, மஞ்சள் குழைத்து, விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டேன். "எங்கம்மாகூட இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டதில்லக்கா" என்றாள். அவளை என் பெண்ணாகத்தான் நினைத்தேன். பழம் காய்ந்ததும் வேறு பழம் மாற்றினேன். "பெரியாஸ்பத்திரிக்குக் காட்டலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். கப்பல் போகட்டும் என்றேன். கப்பல் போவதற்குள் பழுத்து உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

தைக்க முடியவில்லை என்றதும் அவளை வீட்டுக்கா அனுப்பினேன்? பேக்கிங்கில் போட்டேன், ஊசி மெஷின் பக்கம். லேசான வேலை. கரடியை எடுத்துப் பெல்ட்டில் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதல் கரடியை வைத்தாள். மெஷின் கத்தியது.

அதை எடுத்து இன்னொருத்தி விட்டாள். கத்தவில்லை. பூவரசி அடுத்த கரடியை வைத்து உள்ளே தள்ளினாள், கத்தியது. அவள் தொட்ட கரடியெல்லாம் கத்தியது. "என்னடி, கரடிக்கு உன்மேல என்ன பகை?" என்று கேலி செய்தார்கள். ஊக்கு இருக்கா பார் என்றேன். இல்லை. தோட்டைக் கழற்று என்றேன். கழற்றினாள். கொலுசு இல்லை, மோதிரம் இல்லை, தலையில் கிளிப்பும் இல்லை. மெக்கானிக் வந்து மெஷினைப் பிரித்துப் பூட்டினார். கரடிகளையும் பிரித்துப் பார்த்தோம், மறுபடி பஞ்சு. ஒன்றும் புரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எலுமிச்சம்பழத்தைக் கழற்றிவிட்டு, வெறும் கையைப் பெல்ட்டில் வைத்தாள்.

கத்தியது.

கையை எடுத்தாள், நின்றது. வைத்தாள், கத்தியது. ஹாலில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சுவரில் அந்தக் குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, கெடச்சிருச்சுக்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவ்வளவு தேடினோமே, அந்தச் சந்தோஷம் அவளுக்கு.

எனக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. ஏன் என்கிறீர்களா? முனை அவள் விரலுக்குள் இருந்தால், அட்டையில் நான் ஒட்டியது எந்த ஊசியின் முனை?

சபாபதி சாருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் அறிவாளி. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே இது நம்ம ரெண்டு பேர் பிரச்சினை மேடம்" என்றார். பிரச்சினை அவருடையதும்தான் என்று சொன்னார் பாருங்கள், அந்த நல்ல மனசு யாருக்கு வரும். அன்றைக்கே பூவரசியை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டோம். கட்டுப்போட்டுத்தான் அனுப்பினோம். கப்பலும் போய்விட்டது.

அதோடு முடிந்திருக்கும். யார் சொன்னார்களோ, சாமான் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு எட்டிவிட்டது. நாளைக்குப் பெங்களூரிலிருந்து அவர்களுடைய ஆள் ஓர் அம்மா வருகிறாள். கண்டிப்பானவள், ஆனால் கெட்டவள் இல்லை. அவள் வருகிற நாளெல்லாம் எங்களுக்குப் புது முகமூடி தருவார்கள், குடிக்கத் தண்ணீர் ஜில்லென்று வரும், வயசு குறைந்த பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். பாவம், அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா? இந்த முறை அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "அந்தப் பெண்ணை நான் பார்க்கவேண்டும்."

பூவரசி வந்து சொல்லவேண்டியது ஒரு வரிதான். 'ஹாஸ்டலில் என் பாவாடையைத் தைத்தேன், கைத்தையல் ஊசி, அது உடைந்து குத்திவிட்டது.' அவ்வளவே. நானே எழுதி, நானே சுருக்கி, நாக்கில் தடுக்காத வார்த்தையாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். இந்த வரியைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. சொல்லாவிட்டால் போன கப்பல் திரும்பிவரும். என் லைனை மூடுவார்கள். அந்தப் பெண்கள் எல்லாம் எங்கே போவார்கள்? காது மட்டும் தைக்கத் தெரிந்தவளுக்கு வேறு எங்கே வேலை? எனக்கென்று நான் பார்க்கவில்லை. நான் இருக்கும் வீடு கம்பெனியுடையது. என் மகன் அங்கேயேதான் பஞ்சு அடைக்கும் பிரிவில் இருக்கிறான். ராத்திரியெல்லாம் இருமுகிறான், சிகரெட்டாக இருக்கும். அவனை நினைத்துத்தான்...

டிக்கெட் எடுத்தாச்சு தம்பி, காரிமங்கலம். ஒருதரம் காட்டினேனே. எத்தனை தரம் கேட்பீர்கள்?

பையில் இருப்பதைக் காட்டட்டுமா? எங்கள் கரடி. சபாபதி சார் தன் கையால் எடுத்துக் கொடுத்தார், பூவரசியின் தங்கைக்கு. இது பெரிய விஷயம் அம்மா. எங்கள் கரடியை நாங்கள் வெளியே கொண்டுவர முடியாது. கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். தேறாத கரடியைக்கூடத் தரமாட்டார்கள், கழுத்திலும் வயிற்றிலும் பிளேடு போட்டுத்தான் குப்பையில் எறிவார்கள். பூவரசி ஒருதரம் காதில்லாத கரடி ஒன்றைத் தங்கைக்குக் கேட்டாள். நான்தான் பிளேடு போட்டேன். விதி என்றால் விதி. இப்போது பாருங்கள், முழுக்கரடியாகவே போகிறது.

இருங்கள், போன் அடிக்கிறது.

அலோ. யாரு, பூவரசியா? வந்துக்கிட்டே இருக்கேன்டி. காவேரிப்பட்டணம் தாண்டியாச்சு... என்ன?... எப்ப?... எது வரைக்கும்?... வலிக்குதா?... அப்படியா. சரி... என்ன வச்சிருக்கே?... திரும்பச் சொல்லு... இல்ல, இல்ல, அதெல்லாம் எடுத்துக்கிட்டு வர வேணாம்... ஆமா, நாந்தான் சொன்னேன். விதிதான்... சரி. சரிடி. அம்மாகிட்ட டீ எல்லாம் வேணாம்னு சொல்லு. வை.

அவள்தான். நன்றாகத்தான் பேசுகிறாள். விரல் கறுத்துவிட்டதாம். பெரியாஸ்பத்திரியில் முன்கணுவோடு வெட்டி எடுத்துவிட்டார்களாம். அந்தத் துண்டில்தான் முனை இருந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். "அட்டையில டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்க்கா. நாளைக்கு வர்றப்ப எடுத்துக்கிட்டு வரேன். எல்லாத் துண்டும் காட்டினாத்தானே அடுத்த ஊசி குடுப்பீங்க?" என்கிறாள். ஒரு விரல் போனால் என்ன, இடது கைதானே, மூக்கு தைக்க முடியாவிட்டாலும் காது தைப்பேன் என்கிறாள். வேலை போய்விடுமோ என்றுதான் பயம் அவளுக்கு. நல்ல பெண் அம்மா. விதியை இத்தனை ஒழுங்காக யாரும் கற்றுக்கொண்டதில்லை.

ஓர் ஊசிக்கு இரண்டு முனை இருக்க முடியாது, இல்லையா? ஆபீசில் ஒன்று இருக்கிறது, என் கையெழுத்தோடு. இவள் கையில் ஒன்று. பெங்களூர் அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பாவாடைக் கதை நிற்குமா? பூவரசி ஒன்றும் பேசவே வேண்டாம், அட்டையை நீட்டினாலே போதும்.

கொடுத்துவிடுவாள். "அக்காகிட்ட குடுடி, பத்திரமா வச்சிருக்கேன்" என்றால் கொடுத்துவிடுவாள். என்னை நம்புகிறவள். வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். வரும் வழியில் ஆற்றுப் பாலம் ஒன்று இருக்கிறது. ஜன்னலோரம் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன செய்யமுடியும் என்கிறீர்கள்? இறங்காமல் இப்படியே தருமபுரி, சேலம் என்று போய்விடவா? போய்? மகன் அங்கே உள்ளே இருக்கிறான்.

காரிமங்கலம் வந்துவிட்டது. கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள், நான் இறங்கவேண்டும். ஒன்று செய்யுங்கள், இந்தக் கரடியைப் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், எங்கள் கரடிதான். ஒரு விரல் போனவள் வீட்டுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு நுழைய எனக்கு ஏதோ மாதிரி இருக்கிறது. பழைய கரடியைத் தூக்கிப்போட்டுவிடுங்கள், கண் ஆடுகிறது. இந்தாடா கண்ணா. வாங்கிக்கொள்.

ஏன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள்? பயப்படாதீர்கள். மூக்கைத் தொட்டுப் பாருங்கள், எத்தனை அழுத்தமான தையல். பூவரசி தைத்ததாகக்கூட இருக்கலாம். மெஷினுக்குள் போய்வந்த கரடி. நான் உறுதி சொல்கிறேன். இதில் ஊசி இல்லை.